ஓலைப் பெட்டி அடுப்படிக்குப் போக வேண்டும்

இலங்கையின் வடக்கே வன்னியில், பிட்டு அவிக்கும் கூம்பு வடிவ ஓலைப் பெட்டியான நீத்துப்பெட்டி வாங்க வரும் பெண் எடுத்த எடுப்பில் விலை கேட்பதில்லை. பெட்டியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். இழைகளுக்கிடையே ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் நல்லது. பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் மா கீழே கொட்டும். ஒன்றுமே தெரியாவிட்டால் ஆவி ஏறாது, பிட்டு நடுவில் அவியாமல் நிற்கும். பிறகு அடிக்கூம்பை விரலால் அழுத்துவார், விளிம்பைச் சுற்றித் தடவுவார், ஓலையை மூக்கருகே கொண்டுபோய்ப் பூஞ்சண வாடை அடிக்கிறதா என்று மணந்து பார்ப்பார். இவ்வளவும் முடிந்த பின்புதான், "எவ்வளவு பிள்ளை?" என்ற கேள்வி வரும்.

இந்தச் சோதனையில் தேறுகிற பெட்டியை இழைப்பதுதான் என் தொழில். பரந்தன் – முல்லைத்தீவு வீதியை அண்டிய ஒரு கிராமத்தில், அயலில் உள்ள பெண்கள் சிலர் சேர்ந்து பனையோலையில் வீட்டுப் பாவனைப் பொருட்கள் செய்கிறோம். நீத்துப்பெட்டி, சுளகு, மூடற்பெட்டி, குட்டான் என்னும் சிறு பெட்டி, இடியப்பத் தட்டு, பாய், கேட்பவர்களுக்குக் கடகம் என்னும் பெரிய பெட்டி. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, கிளிநொச்சிச் சந்தைகளில் அவற்றை விற்கிறோம். கோயில் பொங்கல்களுக்கும் தேவாலயத் திருவிழாக்களுக்கும் கடை போடுகிறோம்.

எங்களைப் பார்க்க வருகிறவர்களில் அநேகர் ஒரே புத்திமதியைத்தான் சொல்கிறார்கள். சந்தையில் வெயிலில் குந்தியிருந்து சில்லறை எண்ணுவதை விடுங்கள், தொப்பியும் கைப்பையும் செய்து கொழும்புக்கு அனுப்புங்கள், வெளிநாட்டுக்கு அனுப்புங்கள், அங்கே இதற்கு நல்ல விலை இருக்கிறது என்கிறார்கள். நல்ல மனதோடு சொல்லப்படும் புத்திமதிதான். ஆனாலும் நான் அதற்கு உடன்படவில்லை. ஏன் என்று ஆறுதலாக எழுத வேண்டும் என்று கனகாலமாக நினைத்திருந்தேன்.

முதலில் ஓலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலின் பாதி, பின்னத் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பெட்டிக்கு வேண்டியது விரியாத குருத்தோலை. முற்றிய ஓலை வேலிக்கும் கூரைக்கும் உதவும், விரலுக்கு வளையாது. பனை ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு குருத்தைத்தான் விடுகிறது. அதை அடுத்தடுத்து வெட்டினால் மரம் ஏங்கிப்போகும். ஆகவே ஒரு வடலியில், அதாவது இளம் பனையில், ஒரு குருத்து எடுத்தால் அடுத்த சில குருத்துகளை மரத்துக்கே விட்டுவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. வடலி என்றால் நிலத்தில் நின்று கொக்கத்தடியால் எடுத்துவிடலாம். உயர்ந்த மரம் என்றால் கள் இறக்கும் சீவல் தொழிலாளி ஒருவர் ஏற வேண்டும். அவருக்குக் கூலி உண்டு, அவர் வரும் நாளுக்குக் காத்திருக்கவும் வேண்டும்.

வடலி என்று சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். வன்னியின் பல ஊர்களில் இன்று நிற்கும் பனைகள் பெரும்பாலும் இளசுகள். யுத்தகாலத்தில் பதுங்குகுழிகளின் மேல் குறுக்கே அடுக்கியது பனங்குற்றிகளைத்தான். நின்ற மரங்களிலும் எத்தனையோ ஷெல் விழுந்து தலை இழந்தன. 2009க்குப் பிறகு முகாம்களிலிருந்து மீளக் குடியமர்ந்தபோது, வளவின் எல்லையைக் காட்டுவதற்குக்கூட ஒரு பனை மிஞ்சாத காணிகளைக் கண்டோம். பனை வளர்ந்து பயன் தரப் பதினைந்து வருடங்களுக்கு மேல் வேண்டும். மீள்குடியேற்றத்தின்போது முளைத்தவையும் நட்டவையும் இப்போதுதான் ஆளாகி நிற்கின்றன. எங்களுக்குக் கிடைக்கும் குருத்துகள் அந்த வடலிகளுடையவை. அதனால்தான் ஓலையை வீணாக்குகிறவரைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு குருத்தைப் பாதி வார்ந்துவிட்டு எறிகிறவர் எங்களோடு சேர்ந்து வேலை செய்ய முடியாது.

வெட்டிய குருத்தை விரித்து வெயிலில் போட்டு, மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ளி, மறுபடி போட்டு, பச்சை முழுவதும் போய் வெளிறிய பிறகு ஈர்க்கை நீக்கிச் சுருட்டி வைப்போம். ஈர்க்கை எறிவதில்லை, அது இடியப்பத் தட்டுக்குப் போகிறது. பின்னுவதற்கு முன் ஓலையில் தண்ணீர் தெளித்து ஈரத் துணியில் சுற்றி வைத்தால் பதமாகிவிடும். அதன் பிறகுதான் சத்தகம் வேண்டும். சத்தகம் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கத்தி. அதன் நுனியை ஓலையில் குத்திப் பிடித்துக்கொண்டு ஓலையை இழுக்க வேண்டும், கத்தியை இழுக்கக் கூடாது. இதுதான் என் மாமி எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். கத்தி நகர்ந்தால் வார் ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் ஒடுங்கியும் போகும். அந்த ஒரு வாரினால் பெட்டியின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். மாமி அளவுகோல் வைத்ததே இல்லை. பெருவிரல் நகத்தின் அகலத்தில் பாதி என்பார், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு வார்ந்தாலும் அவருடைய வார்கள் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒட்டி நிற்கும்.

சாயத்தைப் பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. அவித்துச் சாயம் ஏற்றிய சிவப்பும் பச்சையும் ஊதாவும் மூடற்பெட்டிக்கும் பாய்க்கும் அழகு. உணவு படும் எந்தப் பொருளிலும் சாயம் ஒரு வார்கூட வரக் கூடாது. நீத்துப்பெட்டியின் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு ஓடவிட்டால் கடையில் எடுப்பாக இருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. கொதிக்கும் ஆவியில் அந்தச் சிவப்பு எங்கே போய்ச் சேரும்? பிள்ளையின் காலைச் சாப்பாட்டுக்குள் அல்லவா?

இனி விலை. சிறு கைத்தொழில் செய்கிற பெண்கள் கூடினால் கடைசியில் பேச்சு வந்து நிற்கும் இடம் இதுதான். ஓலைக்குக் காசு கொடுத்தோம், சாயத்துக்குக் காசு கொடுத்தோம், பஸ்ஸுக்குக் கொடுத்தோம் என்று எழுதிவைக்கத் தெரிகிறது. நம் கைக்கு என்ன கொடுத்தோம் என்று எழுதத்தான் கை வருவதில்லை. வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் இழைத்தது தானே என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். வன்னியில் எந்தப் பெண் சும்மா இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் புல் பிடுங்கப் போனால் நாட்கூலி உண்டு. அந்த நாளை ஓலைக்குக் கொடுத்தால் ஓலை அந்தக் கூலியைத் தர வேண்டும்.

நாங்கள் கணக்குப் பார்க்கும் விதம் எளிது. ஒரு பேச்சுக்கு நாட்கூலி 2000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். கை பழகிய ஒருவர் ஒரு பகலில் ஐந்து நீத்துப்பெட்டி முடிப்பார் என்றால், ஒவ்வொரு பெட்டியிலும் 400 ரூபா கூலியாகவே நிற்க வேண்டும். அதற்கு மேல்தான் ஓலை, பயணம், சந்தை வரி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எந்தப் பொருள் நம்மை வாழவைக்கிறது, எந்தப் பொருள் நம்மைத் தின்கிறது என்று தெளிவாகிவிடும். கடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி என இரண்டாக இழைத்து, மட்டையில் உரித்த நாரால் விளிம்பு பொத்த வேண்டும். ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். விரலெல்லாம் வெடிக்கும். அதற்குரிய கூலியைச் சொன்னால் சந்தையில் ஒருவரும் நிற்கமாட்டார், ஏனென்றால் பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் கூடையும் தாச்சியும் அதன் கால்வாசி விலைக்குக் கிடைக்கின்றன. முன்பு சூடடித்த நெல்லை அள்ளியது கடகம். இப்போது வெட்டும் இயந்திரம் வயலிலேயே சாக்கில் கட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே கடகத்தைச் சந்தைக்குக் கொண்டுபோவதில்லை. அன்னதானத்துக்குச் சோறு வடித்துக் கொட்டக் கோயிலில் கேட்டால், அல்லது பழைய பழக்கம் விடாத ஒரு வீட்டில் கேட்டால், உரிய விலையைச் சொல்லி இழைத்துக் கொடுக்கிறோம்.

பேரம் இல்லாத சந்தை வன்னியில் இல்லை. "கடைசி விலை சொல்லுங்கள் அக்கா" என்பது வணக்கம் சொல்வதற்குச் சமம். சிலர் அதற்காகவே விலையை ஏற்றிச் சொல்லிப் பிறகு இறக்குவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. ஏற்றிச் சொன்னால் பேரம் பேசத் தெரியாத ஏழை கூடக் கொடுத்துவிட்டுப் போவார், வாய்ச்சாலகம் உள்ளவர் குறைத்துக்கொண்டு போவார். இது நியாயம் இல்லை. சொன்ன விலை சொன்ன விலைதான். ஆனால் வாங்குகிறவர் வெறுங்கையோடு தோற்றுப் போனதாக நினைக்கக் கூடாது. கூட வந்த குழந்தைக்கு ஓலையில் ஒரு கிலுகிலுப்பை, இல்லாவிட்டால் ஒரு சின்னக் குட்டான். மிஞ்சிய வார்களில் செய்தது. அதைக் கையில் வாங்கியதும் விலைப்பேச்சு அங்கேயே முடிந்துவிடும், அடுத்த முறை அந்தக் குழந்தையே தாயை எங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு வரும்.

சந்தைக்குள் எங்கே இருக்கிறோம் என்பதும் பெரிய விஷயம். பிளாஸ்டிக் சாமான்கள் விற்கும் வரிசையில் இருந்தால் விலையை மட்டும்தான் ஒப்பிடுவார்கள். காய்ந்த பனங்கிழங்கான ஒடியலும் பனங்கட்டியும் அரிசிமாவும் விற்கிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்தால் கண் முன்னே சமையல் இருக்கிறது, பெட்டி அதற்குரிய பாத்திரமாகிவிடுகிறது. மாவு வாங்கியவர் நீத்துப்பெட்டியைப் பார்ப்பார். பனங்கட்டி வாங்கியவர் குட்டானைப் பார்ப்பார். மீன் பக்கம் வேண்டவே வேண்டாம். ஓலை வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு எத்தனை வெயிலில் போட்டாலும் போகாது.

பல சந்தைகளில் வரி அறவிடும் உரிமையை வருடக் குத்தகைக்குக் கொடுத்துவிடுவார்கள். குத்தகைக்காரரின் ஆள் டிக்கெட் புத்தகத்தோடு காலையிலேயே வந்து நிற்பார். ஒரு சந்தையில், ஒரு சாக்கு விரிப்பில் கொஞ்சம் பெட்டி வைத்திருந்த எங்கள் குழுத் தங்கச்சியிடம் முழுக் கடைக்குரிய காசைக் கேட்டுவிட்டார்கள். அவள் இன்னும் ஒரு பெட்டிகூட விற்றிருக்கவில்லை. ஒரு காலைப் போரில் இழந்தவள், பஸ்ஸில் ஏறி வந்து இறங்குவதே அவளுக்குப் பெரும்பாடு. நான் பிரதேச சபைக்குப் போய் அறவிட வேண்டிய தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கி வந்தேன். அந்தக் கடதாசியின் பிரதியை அதற்குப் பிறகு எங்கள் எல்லோர் பையிலும் காணலாம். சந்தையில் புதிதாக இருக்கப் போகிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். சண்டை பிடிக்கத் தேவையே இல்லை, கடதாசியை எடுத்து நீட்டினால் போதும்.

விற்பனை வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. வன்னியில் காசு நெல்லோடு வந்து நெல்லோடு போகிறது. தைப்பொங்கலுக்குப் புதுச் சுளகும் புதுப் பெட்டியும் வாங்குவார்கள். மாரியில் விளையும் காலபோக நெல்லை விற்ற கையோடு மாசி, பங்குனியில் பாய் வாங்குவார்கள். பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல், வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். வற்றாப்பளைக்கு முல்லைத்தீவு மாவட்டம் மட்டுமா வருகிறது? யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்துகூட வருகிறார்கள். உப்புநீரில் விளக்கு எரியும் அந்த அம்மன் வாசலுக்கு நேர்த்தியோடு வருகிறவர்கள் பொங்கலுக்கு வேண்டிய பச்சையரிசியையும் பயறையும் சர்க்கரையையும் இன்றும் ஓலைப் பெட்டியில் கொண்டுவர விரும்புகிறார்கள். பொலித்தீன் பையில் அம்மனுக்கு அரிசி கொண்டுபோக மனம் வரவில்லை என்று ஓர் ஆச்சி என்னிடம் சொன்னார். அந்தப் பொங்கலுக்கு நாங்கள் மாதக்கணக்காகப் பெட்டி சேர்க்கிறோம்.

ஓகஸ்ட் மாதத்து மடு மாதா தேவாலயத் திருவிழா வேறு மாதிரி. ஓகஸ்ட் 15ஆம் திகதியை ஒட்டி நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் யாத்திரிகர்கள் வந்து மரங்களின் கீழ் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். தெற்கிலிருந்து வரும் சிங்களக் குடும்பங்கள் அதிகம். அங்கே பாய் நன்றாகப் போகும், நிலத்தில் விரித்துப் படுக்க வேண்டுமே. வெயிலுக்குத் தொப்பியும் போகும். எங்களில் இருவர் விலையையும் ஓலையைப் பாதுகாக்கும் முறையையும் சிங்களத்தில் சொல்லப் பழகிக்கொண்டார்கள். ஒரு சிங்களத் தாய் எங்கள் பாயில் குந்தியிருந்து, தன் ஊரில் குளத்தில் வளரும் பன் புல்லில் பாய் இழைக்கும் முறையை விரலால் பின்னிக் காட்டினார். மூலைமடிப்பு எங்களுடையதைப் போலவே இருந்தது. அன்று விற்றது எவ்வளவு என்பது மறந்துபோயிற்று, அந்தத் தாயின் விரல்கள் மறக்கவில்லை.

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி. அந்த மாதங்களில் ஓலை காயாது, இழைத்ததும் பூஞ்சணம் பிடிக்கும். புதிதாக எதையும் வெட்டாமல், முன்பே காய வைத்த ஓலையை அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறோம். 2018 டிசம்பரில் ஒரே இரவில் மழை கொட்டி, இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. பரணில் இருந்த ஓலை தப்பியது, நிலத்தில் உரப்பையில் கட்டி வைத்திருந்தவர்களின் பெட்டிகள் எல்லாம் கறுத்துப்போயின. அதற்கு முன், 2016 செப்டம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தையில் தீப்பிடித்துக் கடைகள் வரிசையாக எரிந்தன. காய்ந்த ஓலைக்கு நெருப்பைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்று முதல் சந்தைக்குள் சரக்கை இரவில் விட்டுவைப்பதில்லை. விற்றது போக மிஞ்சியதை எவ்வளவு களைப்பானாலும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம்.

கடன் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னிப் பெண்களின் சிறுதொழிலைக் கடனை விட வேறொன்றும் இவ்வளவு கெடுத்ததில்லை. யுத்தம் முடிந்த கையோடு நுண்கடன் கொடுக்கிறவர்கள் வீடு வீடாக வந்தார்கள். பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர் பிணை நின்று, கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய கடன். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்யும் அளவுக்கு நிலைமை போயிற்று. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் அறுவடைக்கும் என்று காலம் பார்த்து வரும் வருமானத்துக்குக் கிழமைக் கடன் எப்படிப் பொருந்தும்? மாரி மூன்று மாதமும் எதைக் கட்டுவது? ஓலைத் தொழிலுக்கு முதல் என்பது ஒரு சத்தகமும் பழகிய கையும்தான். கடன் எடுத்து ஒருவரும் இதைத் தொடங்க வேண்டாம். எங்கள் குழுவில் விற்பனையில் ஒரு சிறு பங்கை மாதர் சங்கத்தில் சேமித்து வைக்கிறோம், மாரியில் அதிலிருந்துதான் எடுக்கிறோம்.

இப்போது அந்தப் புத்திமதிக்கு வருகிறேன்.

தொப்பியும் கைப்பையும் செய்கிறோம், இல்லை என்று சொல்லவில்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வரும் உறவுகள் கிளிநொச்சியில் இறங்கி வாங்குகிறார்கள், பேரம் பேசாமல் வாங்குகிறார்கள். பிரதேச செயலகங்களில் புத்தாண்டுக்கும் மகளிர் தினத்துக்கும் நடக்கும் விற்பனைக் கண்காட்சிகளிலும் இவைதான் முதலில் போகும். 1978இல் தொடங்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் முயற்சியால் பனம்பொருள் என்றால் இன்று நாட்டின் மற்றப் பக்கங்களிலும் தெரிகிறது. இவை நல்லவை. என் கவலை வேறு.

வெளியே போகும் கைப்பை திரும்பி வந்து எங்களோடு பேசாது. தைத்த இடம் ஒரு மாதத்தில் விட்டுப்போனதா, கைப்பிடி அறுந்ததா, அலுமாரிக்குள் கிடக்கிறதா, ஒன்றும் தெரியாது. நீத்துப்பெட்டி வாங்கிய பெண் அடுத்த மாதம் அதே சந்தையில் நிற்பார். "அடி கொஞ்சம் ஒடுங்கிப்போயிற்று, என் பானை வாய்க்குள் இறங்குகிறது" என்பார். எங்கள் பெட்டியின் கூம்பு இப்போதிருக்கும் சரிவு அப்படி வந்ததுதான். இப்போதெல்லாம் வீடுகளில் மண்பானை போய் அலுமினியப் பாத்திரம் வந்துவிட்டது. அதன் வாய் அகலம் வேறு. சந்தையில் நிற்கிறவர்கள் சொல்லாமல் அது எங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? பயிற்சி வகுப்புகளில் பேனைக்கூடும் சுவர் அலங்காரமும் சொல்லித் தருகிறார்கள். படித்த பிள்ளைகள் அதைச் செய்து முடித்துவிட்டு யாருக்கு விற்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். தினமும் பிட்டு அவிக்கும் ஊரில் பிட்டு அவிக்கும் பெட்டிக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. வெளியூர்க் கிராக்கி எந்த நாளும் நின்றுபோகலாம். 2020இல் கொரோனா வந்து ஊரடங்கு போட்டபோது வெளிநாட்டு உறவுகள் வரவில்லை, கண்காட்சி நடக்கவில்லை, கைப்பை ஒன்றுகூட அசையவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போய், சாயப்பொடி வாங்க முடியாமல், பஸ்ஸுக்கு டீசல் இல்லாமல் இருந்தபோதும் அப்படித்தான். அந்த இரண்டு காலத்திலும் எங்கள் அடுப்புகளை எரியவைத்தது அயல் கிராமங்களுக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விற்ற நீத்துப்பெட்டியும் சுளகும்தான். காசு இல்லாத வீடுகளில் அரிசி தந்தார்கள், கத்தரிக்காய் தந்தார்கள். அதையும் விற்பனைப் புத்தகத்தில் வரவாகவே எழுதினோம்.

சட்டமும் இப்போது எங்கள் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2017 செப்டம்பரில் மெல்லிய பொலித்தீனையும் சோற்றுப் பொதித் தாளையும் ரெஜிபோம் உணவுப் பெட்டியையும் தடைசெய்தார்கள். 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றைத் தடைசெய்தபோது, அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் இருந்தது. செய்தியைக் கேட்ட அன்று ஈர்க்குத் தட்டுக்கு மறுநாளே வரிசை நிற்கும் என்று எங்கள் குழுவில் சிலர் எதிர்பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை. வீடுகளில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு உடையும் வரை ஒருவரும் மாற்றமாட்டார். ஆனால் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் மெல்ல மெல்லக் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கு ஒரே அளவில், அடுக்கினால் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும்படி, டசின் கணக்கில் வேண்டும். எங்களுக்கு இது புதிய வேலை. ஈர்க்கைத் தடிப்பு வாரியாகப் பிரித்து வைக்காமல் ஒரே அளவு வராது. அதற்காகவே ஒரு பழைய தகரத்தில் துளைகள் போட்டு, ஈர்க்கை அதனூடாக விட்டுப் பிரிக்கிறோம்.

இளம்பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைக்கு மாதம் முடியச் சம்பளம் கையில் கிடைக்கிறது, சேமலாப நிதி இருக்கிறது. அவளைப் பார்த்து, பாரம்பரியத்தைக் காப்பாற்று, ஓலையில் இரு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தச் சம்பளத்துக்கு நிகராக ஓலை தந்தால் அவளே வருவாள். இப்போதைக்குச் சனி, ஞாயிறில் வந்து இழைக்கிற இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துண்டுக் கணக்கில் அன்றன்றே காசு கொடுத்துவிடுகிறோம். பழகும் காலம் என்று சொல்லிக் காசைக் குறைப்பதில்லை. வார் சரியில்லாவிட்டால் பிரித்து மறுபடி இழைக்கச் சொல்வோம், அதுவே அவர்களுக்குப் பயிற்சி. என் மாமி இப்போது கண் சரியாகத் தெரியாமல் திண்ணையில் இருக்கிறார். பிள்ளைகள் இழைத்ததைக் கையில் கொடுத்தால் விரலால் தடவிப் பார்த்து, எந்த வரிசையில் வார் அகன்றிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தப் பிள்ளைகள் மாமியிடம் பெட்டியை நீட்டும்போது என்னிடம் காட்டுவதை விடப் பயப்படுகிறார்கள்.

வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். கைப்பை வாங்குங்கள், மகிழ்ச்சி. அதோடு ஒரு நீத்துப்பெட்டியும் வாங்குங்கள், வாங்கியதைச் சுவரில் மாட்டாமல் பானை மேல் வையுங்கள். முதல் தடவை வெறும் தண்ணீரில் ஒருமுறை ஆவி பிடித்துவிட்டுப் பாவியுங்கள். பாவித்த பின் சவர்க்காரம் போடாமல் கழுவி, கவிழ்த்துக் காய வைத்தால் போதும். குளிர் நாட்டில் வெயில் இல்லாவிட்டால் அடுப்படியில் காற்றுப் படும் இடத்தில் தொங்கவிடுங்கள், மூடிய அலுமாரியில் ஈரத்தோடு வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகிறவர்கள் விமான நிலையத்தில் தாவரப் பொருள் என்று அறிவித்துக் காட்ட வேண்டும். நன்றாகக் காய்ந்து, பூச்சியோ மண்ணோ இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஆகவே பயணத்துக்கு முன் எங்களிடம் சொன்னால் இன்னும் ஒருமுறை வெயிலில் போட்டுத் தருவோம். உங்கள் பானையின் வாய் அகலத்தை அளந்து அனுப்புங்கள், அதற்கேற்ப இழைக்கலாம். மாரிக்கு முன் சொல்லுங்கள். கார்த்திகையில் கேட்டால் தையில்தான் தர முடியும்.